அந்தப் பெரிய ஸ்பீக்கர்களுக்குச் சின்ன ஆம்ப்ளிபயரே போதும்

மகனே,

நீயும் ஜுபைதாவும் சுகமாக இருப்பீர்கள். அல்லாஹ் அப்படியே வைத்திருக்கட்டும். நீ உன் அத்தாவுக்கு எழுதிய கடிதம் நேற்று மத்தியானம் வந்தது. அவர் தோல் மண்டியிலிருந்து வந்து, கைகால் கழுவி, கண்ணாடியை மாட்டிக்கொண்டு நின்ற நிலையிலேயே படித்தார். படித்து முடித்ததும் அதை என் மடியில் போட்டார். எதிரில் உட்கார்ந்து என் முகத்தைப் பார்த்து நிதானமாகச் சொன்னார்: "இதுக்கு நான் எப்படிப் பதில் எழுதுறது? அன்னைக்கு ஸ்பீக்கருக்கு ஏத்ததப் பாத்து எடுத்தது நீ. நீயே எழுது புள்ள." ஆகவே நான் எழுதுகிறேன். எந்த ஆம்ப்ளிபயர் வாங்கலாம் என்று காது மந்தமான தாயிடம் யோசனை கேட்டவன் கோயம்புத்தூரிலேயே நீ ஒருவனாகத்தான் இருப்பாய். கூட வேலை பார்க்கிறவர்களிடம் சொல்லிவிடாதே, சிரிப்பார்கள்.

இங்கிருந்து அனுப்பிய இரண்டு ஸ்பீக்கர்களும் லாரியிலிருந்து அடிபடாமல் இறங்கின என்று படித்தபோது மனசு நிம்மதியாயிற்று. முன்னறையில் ஜன்னலுக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று வைத்திருக்கிறாயாம். நல்லது. இப்போது கடைக்காரர் என்ன சொல்கிறார்? இம்மாம் பெரிய பெட்டிக்குப் பெரிய ஆம்ப்ளிபயர்தான் வேண்டும், கண்ணாடிக் குமிழ் வால்வே இல்லாத புது மாதிரி வந்திருக்கிறது, அதைத் தவணையில் எடுத்துக்கொள் என்கிறார். உன் சம்பளத்துக்கு அது மீறியது என்று நீயே எழுதியிருக்கிறாய். என் பதிலை ஒரே வரியில் சொல்லிவிடுகிறேன். பெரியது வேண்டாம். அந்தப் பெட்டிகள் சினிமாக் கொட்டகைக்கென்று செய்தவை. கொஞ்சம் ஊட்டினாலே நிறையப் பேசக்கூடியவை. பழைய ரேடியோவுக்குள் இருக்கும் அளவு சக்தி கொண்ட சின்ன ஆம்ப்ளிபயர் அவற்றுக்குத் தாராளம். அவசரமாக இருந்தால் இத்தோடு கடிதத்தை மடித்துவிட்டுக் கடைக்குப் போ. அவசரமில்லை என்றால் உட்கார். எனக்கு இது எப்படித் தெரியும் என்று நீ ஒருநாளும் கேட்டதில்லை, நானும் முழுக்கச் சொன்னதில்லை. அப்போது நீ மிகச் சின்னவன்.

நீ சுவரைப் பிடித்து நடக்கத் தொடங்கியிருந்தபோது எனக்கு டைபாய்டு வந்தது. எத்தனை நாள் கிடந்தேன் என்று எனக்குத் தெரியாது. காய்ச்சல் விட்டு எழுந்த முதல் காலை, குழாயில் தண்ணீர் வந்திருந்தது. நம் ஊரில் தண்ணீர் வந்தால் நோயாளியும் எழுந்துதானே ஆக வேண்டும். குடத்தை நிரப்பிக்கொண்டு வந்து கல்லின் மேல் இறக்கினேன். குடம் கல்லில் பட்ட சத்தம் வரவில்லை. இன்னும் இறக்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக் குனிந்து பார்த்தேன். குடம் உட்கார்ந்திருந்தது, தண்ணீர் மட்டும் மெல்ல ஆடிக்கொண்டிருந்தது. முற்றத்தில் காகம் ஒன்று வாயைத் திறந்து திறந்து மூடியது. தெருவில் ஆவாரம்பட்டை ஏற்றிய வண்டி, பஞ்சு மேல் போவது போல் போயிற்று. எனக்குப் பயமே தோன்றவில்லை, அதுதான் ஆச்சரியம். கனவு இன்னும் கலையவில்லை, சற்றுப் பொறுத்தால் கலைந்துவிடும் என்று நின்றுகொண்டே இருந்தேன்.

கலையவில்லை. மதுரையில் காது டாக்டர் ஒருவரிடம் உன் அத்தா கூட்டிப் போனார். நரம்பு வாடிவிட்டது, கேட்கிற கொஞ்சம் இப்போதைக்கு நிற்கும், போனது திரும்பாது என்றார் டாக்டர். ரவிக்கைக்குள் சின்னப் பெட்டியும் காதில் குமிழுமாக ஒரு மிஷினைக் கொஞ்ச நாள் மாட்டிப் பார்த்தேன். கரண்டி விழுந்தால் மண்டைக்குள் விழுந்தது; மனுஷப் பேச்சு மட்டும் நொறுங்கிய அப்பளம் மாதிரி வந்தது. கழற்றிப் பரணில் வைத்துவிட்டேன். நீரில் மூழ்கிக் கிடக்கிறவளுக்கு மேலே நடப்பது எப்படித் தெரியுமோ அப்படித்தான் எனக்கு எல்லாம் தெரிந்தது. பள்ளிவாசலின் பாங்கு எங்கோ மண்ணுக்கு அடியில் ஓடும் தண்ணீராக வந்தது. கல்யாண வீட்டு மேளம் நெஞ்சில்தான் பட்டது, காதில் இல்லை. அந்த அமைதி சில நேரம் சுகமாகக்கூட இருக்கும். மொட்டைமாடியில் வடகம் காயப்போட்டுவிட்டுச் சிறுமலையைப் பார்த்து உட்கார்ந்தால் மலையும் நானும் ஒரே ஜாதி என்று தோன்றும்.

ஆனால் மனிதர்கள் கத்தினார்கள். காது கேட்காதவளிடம் கத்தத்தான் வேண்டும் என்று எல்லோருக்கும் யாரோ சொல்லி வைத்த மாதிரி. கத்தும்போது சொல் உடைந்துபோகிறது, முகமும் கோணிப்போகிறது. உன் அத்தா அதுவரை என்னிடம் குரல் உயர்த்தியதே இல்லை. இப்போது சோறு போடு என்பதற்கும் கழுத்து நரம்பு புடைத்தது. கோபப்படுகிறார் என்று நினைத்து நான் ஒதுங்கினேன். நான் ஒதுங்குவதைப் பார்த்து அவர் பேச்சைக் குறைத்தார். இரண்டு பேருக்கும் நடுவில் யாரும் இழுக்காமலே ஒரு திரை விழுந்தது. நீ மட்டும் வேறு வழி கண்டுபிடித்தாய். பேச்சு வரத் தொடங்கியதும், என் மடியில் ஏறி, இரண்டு கையாலும் என் தாடையைப் பிடித்து உன் பக்கம் திருப்பிக்கொண்டுதான் பேசுவாய். உன் வாய் அசைவதைப் பார்ப்பேன். மூச்சு முகத்தில் படும். குரல் மட்டும் வராது. என் பிள்ளையின் குரல் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாமலே நீ வளர்ந்துகொண்டிருந்தாய்.

ஒரு பெருநாள் மாலையில் உன் அத்தா நம்மைச் சினிமாவுக்குக் கூட்டிப் போனார். நான் வெள்ளைத் துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு வேண்டாவெறுப்பாகத்தான் போனேன். பொம்மைகள் வாயசைப்பதைப் பார்க்க எதற்குப் போவது என்று. கூட்டம் அதிகம். பெண்கள் பக்கத்தில் முன் பெஞ்சில்தான் இடம் கிடைத்தது, திரையை அண்ணாந்து பார்க்கும்படி. படம் ஓடியது. நடுவில் ஓர் இடத்தில் கதாநாயகி தன் தகப்பனிடம் மெதுவாக, கத்தாமல், "எனக்கு யாரும் வேண்டாம்" என்றாள். நான் திடுக்கிட்டுப் போனேன். எனக்குக் கேட்டது. சத்தம் கேட்டது என்று சொல்லவில்லை. அந்தச் சொற்கள் கேட்டன. கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்தேன், உதட்டைப் பார்த்து ஊகிக்கிறேனோ என்று. மூடிய கண்ணுக்குள்ளும் அவள் பேசினாள். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் உன் அத்தாவிடம் அதையே சொன்னேன். "அந்தத் திரைக்குப் பின்னாடி என்னமோ இருக்குங்க. அது பேசினா எனக்குப் புரியுது." அவர் அதை மனசில் போட்டுக்கொண்டார்.

வெகுநாள் கழித்து அந்தக் கொட்டகையில் சவுண்டு செட்டை மாற்றினார்கள். பழைய ஸ்பீக்கர்கள் பின்கட்டில் கிடப்பது தெரிந்து உன் அத்தா போய் வாங்கிவிட்டார். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. மாட்டு வண்டியில் அவை நம் பேகம்பூருக்குள் வந்தபோது தெருவே வாசலில் நின்றது. இடுப்பு உயரத்துக்கு மரப்பெட்டி, அதற்கு மேல் விரிந்த தகரக் குழல், உள்ளே சுளகு அகலத்துக்குக் காகிதக் கூம்பு. வாசல் கதவைக் கழற்றித்தான் உள்ளே கொண்டுவர முடிந்தது. "என்ன பாய், வீட்டுக்குள்ளயே கொட்டாய் போடப் போறீகளா?" என்று கேட்டவர்களுக்கு அவர் சிரித்துச் சமாளித்தார். பட்டாசாலைக் கூடத்தில் பாதி இடம் போயிற்று. அப்புறம்தான் தெரிந்தது, அவை தாமாகப் பேசா, ஓட்டுவதற்கு ஒரு ஆம்ப்ளிபயர் வேண்டும் என்று. கொட்டகைக்காரர் அதைத் தரவில்லை. அது முன்பே புகைந்துபோனதாம்.

இனி நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். கடைத்தெருவில் ரேடியோ பழுது பார்த்துக்கொண்டு, திருவிழாக்களுக்கு மைக் செட்டும் கட்டிக்கொண்டிருந்தார் தாவீது என்று ஒருவர். நல்ல மனிதர், கடகடவென்று பேசுவார். அவர் பேச்சு எனக்கு ஓடும் ரயிலின் ஜன்னல் மாதிரி. அவரை அழைத்து வந்து உன் அத்தா விஷயத்தைச் சொன்னார். தாவீதுக்கு யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. "பாய், காது கேக்காதவுகளுக்கு வாங்குறீக. அப்பப் பெருசாத்தான் வாங்கணும். என்கிட்ட ஒண்ணு கெடக்கு. தாடிக்கொம்புல போட்டா அகரம் வரைக்கும் கேக்கும்" என்றாராம். மறுநாள் இரண்டு ஆள் தூக்கிக்கொண்டு வந்தார்கள்.

அதை ஓட விட்டதும், பாட்டு தொடங்கும் முன்பே, பெட்டிகளிலிருந்து உம்மென்று ஓர் இரைச்சல் கிளம்பிற்று. கதண்டுக் கூட்டை உடைத்த மாதிரி. குடம் இறங்குவது கேட்காத எனக்கு அந்த இரைச்சல் கேட்டது என்றால் பார்த்துக்கொள். அந்தப் பெட்டிகளின் குணம் அது. நல்லதைப் பெரிதாக்குவது போலவே ஆம்ப்ளிபயரில் இருக்கும் குறையையும் பெரிதாக்கிக் காட்டிவிடும். அடுத்தது பாட்டு. கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது. சுவரில் காரை உதிர்ந்தது. நீ வீறிட்டு என் காலைக் கட்டிக்கொண்டாய். நான் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டேன். உன் அத்தா ஓடிப்போய் வயரைப் பிடுங்கினார். அவர் முகத்தை நான் மறக்கவில்லை. ஆசையாக ஊட்டிய சோறு தொண்டையில் அடைத்துக்கொண்டால் ஊட்டியவருக்கு எப்படி இருக்கும், அப்படி. நான் எழுந்து சொன்னேன்: "என்னாங்க, எனக்குச் சத்தம் பத்தாம இல்ல. சொல்லுதான் கெடைக்கல." அவருக்கு அது புரிந்தது. தாவீதுக்குப் புரியவில்லை.

அடுத்து விலை குறைந்ததாக ஒன்று வந்தது, கிராமபோனுக்கு வைத்திருந்தது. அது கன்னத்தில் அறையவில்லை, ஆனால் எல்லோரும் ஜலதோஷம் பிடித்துப் பேசினார்கள். ஆண் குரலும் பெண் குரலும் ஒன்றாக மூக்கால் வந்தன. கொஞ்ச நேரத்தில் சுட்ட ரப்பர் நாற்றமும் வந்தது. அதையும் அனுப்பிவிட்டோம். பிறகு நீண்ட நாள் அந்தப் பெட்டிகள் சும்மா நின்றன. மடித்த துணியை அவற்றின் மேல் அடுக்கினேன். தகரக் குழலுக்குள் நீ பளிங்குகளை ஒளித்து வைத்தாய். கடைசியில் உன் அத்தா மனசு விட்டுப் போய், யாராவது டூரிங் கொட்டகைக்காரருக்கு விற்றுவிடலாம் என்று தாவீதிடம் சொல்லிவிட்டார்.

விற்பதற்கு முன்னால் பெட்டிகள் உயிரோடு இருக்கின்றனவா என்று சோதிக்கத்தான் தாவீது அன்று வந்தார். கையில் ஒரு பழைய வால்வு ரேடியோ. சிறுமலை எஸ்டேட் ஒன்றிலிருந்து பழுதுக்கு வந்து, திரும்ப வாங்க ஆள் வராமல் கடையில் கிடந்ததாம். பெட்டியைக் கரையான் அரித்து, அதன் சொந்த ஸ்பீக்கர் கிழிந்திருந்தது. அதிலிருந்து வயரை எடுத்து நம் பெட்டிகளில் மாட்டினார். நான் பக்கத்தில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். வால்வுகள் மெல்லச் சிவந்தன, அந்திவெயில் மாதிரி. இரைச்சல் ஏதும் இல்லாததால் அது வேலை செய்யவில்லை என்றே நினைத்தேன். குழலின் வாய்க்குள் ஒரே அமைதி. அந்த அமைதிக்குள்ளிருந்து, பக்கத்தில் வந்து உட்கார்ந்து சொல்கிற மாதிரி, ஒரு பெண் பேசினாள்.

"கத்தரிச் செடி" என்று நான் வாய்விட்டுச் சொன்னேன்.

இரண்டு ஆண்களும் திரும்பினார்கள். உன் அத்தா தாவீதைப் பார்த்து, "என்னா சொல்றா ரேடியோவுல?" என்று கேட்டாராம். தாவீது காதைச் சாய்த்துக் கேட்டுவிட்டு, "கத்தரிக்காய்ப் பூச்சிக்கு மருந்து சொல்றாக பாய்" என்றாராம். நான் தொடர்ந்து சொல்லிக்கொண்டே போனேன்: வேப்பம்புண்ணாக்கு என்கிறாள், சாம்பல் என்கிறாள், சாயங்காலம் தூவு என்கிறாள். கீரை மடியிலிருந்து கொட்டிப்போனது. விவசாயிகளுக்கென்று யாரோ எங்கோ உட்கார்ந்து படித்த அந்தச் சேதியை என்னைப் போல ஆசையாகக் கேட்டவர் இந்தத் திண்டுக்கல் சீமையிலேயே இருந்திருக்க மாட்டார்.

ஆனாலும் அந்த ரேடியோவை வைத்துக்கொள்ள ஆண்களுக்கு மனசு வரவில்லை. "இம்புட்டுக்காணு பொட்டி, அம்புட்டுப் பெரிய ஸ்பீக்கருக்குப் பத்துமா?" என்று உன் அத்தா கேட்க, தாவீது, "யானைக்குச் சுண்டல் போட்ட மாதிரிதான். இதே ஜாதியில பெருசா ஒண்ணு மதுரையில தேடித் தாரேன்" என்றாராம். நான் அந்த ரேடியோ மேல் கையை வைத்துக்கொண்டேன். "இத யாரும் எடுத்துட்டுப் போகக் கூடாது" என்றேன். தாவீது சிரித்தார். நான் சிரிக்கவில்லை. பிறகு எனக்கு ஒரு எண்ணம் வந்தது. ரேடியோவில் பேசும் முகம் தெரியாத பெண் கேட்கிறாள் என்றால், என் வீட்டு மனிதர்கள் ஏன் கேட்க மாட்டார்கள்? திருவிழாவில் பேசுவார்களே அந்த மைக்கைக் கொண்டுவாருங்கள் என்றேன்.

மைக்கை ரேடியோவின் பின்னால் கிராமபோன் மாட்டும் துளையில் சொருகினார்கள். பட்டாசாலையில் வைத்துப் பேசப் போனால் நரி ஊளையிடுவது போல ஊளையிட்டது. ஆகவே வயரை நீட்டி, அரிசி மூட்டை வைக்கும் உள்ளறைக்கு மைக்கைக் கொண்டுபோய், உன் அத்தாவை உள்ளே விட்டுக் கதவைச் சாத்தினோம். நான் பெட்டிகளுக்கு முன்னால் பாயைப் போட்டு உட்கார்ந்தேன். வெகுநேரம் ஒன்றுமில்லை. மூச்சு மட்டும் வந்தது. ஒரு செருமல். மறுபடி மூச்சு. பிறகு, கத்தாமல், கழுத்து நரம்பு புடைக்காமல், கல்யாணமான புதிதில் பேசுவாரே அந்தக் குரலில் சொன்னார்: "என்னத்தச் சொல்றதுன்னு தெரியல... காலைல கொழம்புல உப்புக் கம்மி."

நான் சிரித்தேன். சிரித்துக்கொண்டே, "அதக் காலைலயே சொல்லியிருக்கலாம்ல?" என்று கதவைப் பார்த்துக் கேட்டேன். பெட்டி பதில் சொன்னது: "சொன்னேன் புள்ள. மூணு தடவ கத்துனேன்." அவ்வளவுதான். அதற்குமேல் எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் கத்தியது கோபத்தில் இல்லை, உப்புக்காக. எத்தனை நாள் நான் உப்பைப் பார்த்துப் பயந்து ஒதுங்கியிருக்கிறேன்! முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது பெட்டிக்குள் என்னமோ உருண்டது, குசுகுசுவென்று பேச்சு. பிறகு ஒரு மெல்லிய குரல், கொஞ்சம் கரகரப்பாக, மிகக் கர்வமாக: "அம்மா, நான் அலிசி மூட்டை மேல உக்காந்திலுக்கேன்."

ராசா, அதுதான் நீ. உனக்கு ர வராது என்று எனக்கு யாருமே சொல்லவில்லை. பிள்ளை பேசுகிறான் என்பார்கள், நன்றாகப் பேசுகிறான் என்பார்கள். ர வராமல் பேசுகிறான் என்று சொல்ல வேண்டும் என்று யாருக்குத் தோன்றும்? நான்கு வயது தாண்டிய பிள்ளையின் குரலை அன்றுதான் முதல்முதலில் கேட்டேன். திரும்பத் திரும்பச் சொல்லச் சொன்னேன். அலிசி, லேடியோ, மலப்பொட்டி. நீ களைத்துப்போய் மூட்டை மேலேயே தூங்கிவிட்டாய். தாவீது மைக்கைத் திரும்பக் கேட்கவேயில்லை. "வச்சுக்கங்கக்கா" என்று கையால் காட்டிவிட்டுப் போனார்.

அதன் பிறகுதான் நம் வீட்டில் அந்த வழக்கம் வந்தது. சாயங்காலம் உன் அத்தா மண்டியிலிருந்து வந்து குளித்து, சுண்ணாம்பு வாடை போகச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். நான் இந்தப் பக்கம் பாயில். அன்று வந்த தோல், யார் யார் என்ன பேசினார்கள், வாணியம்பாடிக்காரர் எப்படி விலையை இறக்கப் பார்த்தார், எல்லாம் அரிசி மூட்டைகளைப் பார்த்துச் சொல்வார். எனக்கு வந்து சேரும். முகம் பார்க்காமல் பேசுவதால் அவருக்கும் கூச்சம் விட்டுப்போயிற்று. எதிரில் நின்றிருந்தால் ஒருநாளும் சொல்லியிருக்க மாட்டாத சொற்களை எல்லாம் சொன்னார். தன் அத்தா இறந்த அன்று அழ முடியாமல் போனதைச் சொன்னார். காய்ச்சலில் நான் கிடந்தபோது நேர்ந்துகொண்டதைச் சொன்னார். கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருப்பேன். வெளிச்சம் சுவரில் ஏறி ஏறி மங்கும். உலகத்தில் அந்தக் குரலும் நானும் மட்டும் மிதப்பது போலிருக்கும்.

உலகத்தில் வேறு ஆட்களும் இருந்தார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது. ஒருநாள் நான் கட்டியிருந்த பச்சைச் சேலையைப் பற்றி உன் அத்தா மைக்கில் ஏதோ சொல்லிவிட்டார். என்ன சொன்னார் என்று மகனுக்கு எழுத மாட்டேன். அன்று தெருப் பக்கத்து ஜன்னல் திறந்திருந்தது. மறுநாள் காலை பால்காரி அங்கம்மா பாலை அளந்து ஊற்றிவிட்டு, என் தாடையைத் தொட்டு, எனக்குப் புரியும்படி வாயை நிறுத்தி நிறுத்திச் சொன்னாள்: "என்னக்கா, இன்னைக்குப் பச்சைச் சேலை கட்டலையா?" உன் அத்தா ஒரு வாரம் பின்பக்கச் சந்து வழியாகத்தான் மண்டிக்குப் போனார். இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், அந்த ரேடியோவின் சின்ன ஆம்ப்ளிபயரைக் கால்வாசி திருப்பி வைத்தாலே போதும், தெருவே கேட்கும். ஆகவே சக்தியைப் பார்க்காதே. கடைக்காரரிடம் பெரிய எண்களைக் கேட்டு மயங்காதே.

கடையில் நீ செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். முதலில் பாட்டுப் போடச் சொல்லாதே. ஆம்ப்ளிபயரை மட்டும் ஓட விட்டு, ஸ்பீக்கரின் வாயில் காதை வை. ஒன்றும் இல்லாதபோது எவ்வளவு அமைதியாக இருக்கிறதோ அவ்வளவு நல்லது. முடிந்தால் வீட்டுக்கே கொண்டுவந்து நம் பெட்டிகளில் மாட்டிக் காட்டச் சொல். கடையின் சின்ன ஸ்பீக்கரில் இரைச்சல் தெரியாது, நம்முடையதில் மறைக்க முடியாது. ஸ்பீக்கர் பெட்டிக்குப் பின்னால் ‘ஓம்’ என்ற மின் அளவில் ஓர் எண் போட்டிருக்கும். ஆம்ப்ளிபயரில் வயர் மாட்டும் இடத்தில் அதே எண் இருக்க வேண்டும் என்று தாவீது சொல்வார். பிறகு மிக மெதுவாக வைத்து மனிதப் பேச்சைக் கேள். பாட்டு எதிலும் நன்றாக இருக்கிற மாதிரி ஏமாற்றிவிடும், பேச்சு ஏமாற்றாது. வால்வா, புது மாதிரியா என்று எனக்குப் பகை ஒன்றுமில்லை. மெதுவாகப் பேசும்போது சொல் உடையாமல் வந்தால் அதை வாங்கு. பழையதாக, பார்க்க அசிங்கமாக இருந்தாலும் பரவாயில்லை. தவணையில் பெரியதை எடுத்துவிட்டு, அது போதவில்லையோ என்று ஒவ்வொரு மாதமும் நினைத்துக்கொண்டிருப்பதை விட அது மேல்.

நம் ரேடியோ போன வருடம் ஓய்ந்துபோயிற்று. அதற்கு வேண்டிய வால்வு மதுரையிலும் கிடைக்கவில்லை. தாவீது வேறு ஒன்று கட்டித் தருகிறேன் என்றார். நாங்கள்தான் அப்புறம் அப்புறம் என்று விட்டுவிட்டோம். உண்மையில் எங்கள் இரண்டு பேருக்கும் அது தேவைப்படாமல் போய்விட்டிருந்தது. உள்ளறையில் உட்கார்ந்து பேசிப் பேசி உன் அத்தாவுக்குக் கத்துவது மறந்துவிட்டது. இப்போது எதிரில் வந்து உட்காருகிறார், என் முகம் தன் பக்கம் திரும்பும்வரை காத்திருக்கிறார், மெதுவாகப் பேசுகிறார். குரல் பாதி வருகிறது, மீதியை அந்த உதடுகளில் படித்துக்கொள்கிறேன். அவை எனக்குப் பழகியவை. அதனால்தான் நீ பெட்டிகளைக் கேட்டதும் தயங்காமல் கொடுத்தேன். உன்னை அனுப்புகிற வருத்தத்தில் பாதி அவற்றோடு போகட்டும் என்றும் நினைத்தேன்.

கடைசியாக ஒன்று. இதைத்தான் முதலில் எழுத வேண்டும் என்று உட்கார்ந்தேன். கூச்சமாக இருந்ததால் ஆம்ப்ளிபயரைப் பற்றியே இவ்வளவு நேரம் எழுதிவிட்டேன். உன் நிக்காஹ் முடிந்து ஜுபைதா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தபோது, என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு என்னமோ சொன்னாள். முகத்தில் பூச்சரம் தொங்கியது, உதடு தெரியவில்லை. நான் எல்லோருக்கும் ஆட்டுவது போலத் தலையை ஆட்டினேன். ஸலாம் சொன்னாள் என்றாள் ஒருத்தி, தனக்காக அல்லாஹ்விடம் துஆச் செய்யச் சொன்னாள் என்றாள் இன்னொருத்தி. பிறகு அவள் நம் வீட்டில் இருந்த நாளெல்லாம், வேகமாகப் பேசுகிறாள், சிரித்தால் வாயைக் கையால் மூடிக்கொள்கிறாள், எனக்குப் பிடிபடவே இல்லை. "நெய்க்காரப்பட்டிப் பேச்சு, எல்லாத்துக்கும் ‘ங்க’ போடுறா, கேக்க அம்புட்டு நல்லா இருக்கு" என்று உன் அத்தா சொல்கிறார். எனக்குத் தெரியாது. புது உதடுகளைப் படிக்க வருஷங்கள் வேண்டும், மகனே. என் காதில் மிச்சமிருப்பது எவ்வளவு நாளைக்கோ.

ஹஜ்ஜுப் பெருநாளுக்கு நாங்கள் அங்கே வருகிறோம். அதற்குள் ஆம்ப்ளிபயர் வாங்கியிருந்தால் எனக்காகப் பாட்டு எதுவும் போடாதே. ஒரு மைக்கை மட்டும் இரவல் வாங்கி வை. பெட்டிகளுக்கு முன்னால் எனக்கு ஒரு பாயைப் போட்டுவிட்டு, ஜுபைதாவை அடுப்படியில் உட்கார வைத்துக் கதவைச் சாத்து. அன்று அவள் என்ன சொன்னாள் என்று உன்னிடமும் கேட்காமல் வைத்திருக்கிறேன். அவள் குரலிலேயே கேட்டுக்கொள்கிறேன்.

உன் அம்மா